செல்லக்கண்ணு மாஸ்டரும் பி. நாற்காலியும்

உறுவையாற்றில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருக்கிற செல்லக்கண்ணுவுக்கு ஒரு நாளில் நாலு வேலை. மோட்டார் போடுவது, நிறுத்துவது, வால்வைத் திறப்பது, மூடுவது. கொம்யூன் பஞ்சாயத்து இதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஆகவே அவருக்கு நிறையப் பகல் மிச்சமிருந்தது. அந்தப் பகலையெல்லாம் பதினாலு வருஷமாகக் கபடிக்குக் கொடுத்துவந்தார்.

ஆடின காலத்தில் அவர் ஊர் அணியின் எட்டாவது ஆள். களத்தில் ஏழு பேர்தான் ஆடுவார்கள். எட்டாவது ஆள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் வாட்சையும் செல்போனையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு வருஷம் அப்படி உட்கார்ந்தார். அதில் ஒருவனுக்குக்கூடக் கால் சுளுக்கவில்லை.

அவர் மாஸ்டரானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்று, பழைய பயிற்சியாளர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வால்வை மூடிவிட்டு அந்தப் பக்கமாக வந்த செல்லக்கண்ணுவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் அரைமணி நேரம் ஓயாமல் திட்டினார். கேட்டவர்களுக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அணி ஜெயித்தது.

அதிலிருந்து வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் எந்த அணி தொடர்ந்து தோற்றாலும் ஒரு பைக் உறுவையாற்றுக்கு வரும். "மாஸ்டர், நீங்க வந்து நாலு வார்த்த திட்டணும்" என்பார்கள். அவர் போய்த் திட்டுவார். அணி ஜெயிக்கும். பதினாலு வருஷத்தில் பதினோரு அணி. ஜெயித்துப் பழகியபின் எல்லா அணியும் மெல்ல அவரைக் கைகழுவிவிடும். அதை அவர் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. டாக்டரைக் குணமான பின்னும் யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லையே என்பார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பாராட்டினால் கெட்டுப்போவான், திட்டினால் உருப்படுவான். இதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பிரமாதமாக ஆடிய பையனை "நல்லா ஆடினடா" என்றால் அடுத்த வாரம் சொதப்புவான். சொதப்பியவனைக் கிழித்துத் தோரணம் கட்டினால் அடுத்த வாரம் தேறிவிடுவான். வீட்டிலும் இதே சட்டம்தான். கல்யாணமான புதிதில் மனைவி ஆதிலட்சுமி வைத்த வஞ்சிரமீன் குழம்பை ஒரு தடவை வாய்விட்டுப் பாராட்டினார். அடுத்த வாரம் அதே குழம்பு உப்புக் கரித்தது. அன்றைக்கு மூடிய வாயை அந்த விஷயத்தில் அவர் மறுபடி திறக்கவேயில்லை.

இந்த நிலையில்தான் இளவரசி வந்தாள்.

காட்டேரிக்குப்பத்துப் பெண். பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பொருளாதாரம் என்றால் பட்ஜெட், விலைவாசி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவளோ கபடியை ஆராய்கிறேன் என்றாள். லீக் கமிட்டிச் செயலாளர் கமலக்கண்ணன் உரக்கடை வைத்திருந்தார். பழைய ஸ்கோர் நோட்டுகள் எல்லாம் அவர் கடையில், யூரியா மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு சாக்கில் கிடந்தன. இளவரசி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் அங்கே உட்கார்ந்து அத்தனையையும் லேப்டாப்பில் ஏற்றினாள். பிறகு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேர்ந்தாள்.

"சார், நீங்க போன பதினோரு டீம்ல ஒம்பது டீம் மூணு ஆட்டத்துக்குள்ள ஜெயிச்சிருக்குது."

"பதினொண்ணும் ஜெயிச்சிது."

"நோட்டுல ஒம்பதுதான் சார். இன்னொண்ணு பாத்தேன். அதே மாதிரி தொடர்ந்து நாலு தோத்துட்டு, கோச்ச மாத்தாம அப்டியே வுட்ட டீம் இருபத்தொண்ணு. அதுல பதினேழு டீம் மூணு ஆட்டத்துக்குள்ள ஜெயிச்சிட்டாங்க. நூத்துக்கு எம்பத்தொண்ணு. ஒங்களுது எம்பத்தி ரெண்டு."

செல்லக்கண்ணு மோட்டார் ரூம் கதவைச் சாத்தினார். "ஒண்ணு ஜாஸ்தி இருக்குதுல்ல?"

"அது ஒண்ணும் இல்ல சார்."

"இன்னாம்மா ஒண்ணும் இல்லன்ற? அந்த ஒண்ணு நான்தாம்மா."

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒரு அணி தொடர்ந்து நாலு தோற்கிறது என்றால் அதன் திறமை மட்டும் காரணமில்லை. கெட்ட நேரமும் சேர்ந்திருக்கும். கெட்ட நேரம் எப்போதும் அப்படியே நிற்காது. அணி தன்னுடைய வழக்கமான நிலைக்குத் தானாகவே திரும்பும். அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் மாஸ்டரைக் கூப்பிடுகிறார்கள். அதனால் யார் போய் உட்கார்ந்தாலும் மேலேதான் போகும்.

அன்று மாலை ஆதிலட்சுமியிடம் இதைச் சொல்லிக் கொதித்தார். அவள் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். சேலையை உதறி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு சொல்றதுல இன்னா தப்பு? எங்க ஆஸ்பத்திரிக்கும் காய்ச்சல் உச்சத்துல இருக்கும்போதுதான் ஓடியாறாங்க. பாதிப் பேருக்கு டோக்கன் போட்டுட்டு உக்காந்திருக்கும்போதே எறங்கிடுது."

அந்த ஆத்திரத்தோடு மறுநாள் இளவரசிக்குப் போன் போட்டார். "கோச்சே இல்லாம ஒரு டீம ஜெயிக்க வச்சிக் காட்டு பாப்பம்" என்று சவால் விட்டார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

அந்த வருஷம் பாகூரில் ஞாயிறுதோறும் லீக் நடந்துகொண்டிருந்தது. உறுவையாறு நாலு ஆட்டம் தோற்றிருந்தது. கடற்கரைப் பக்கத்துப் பனித்திட்டும் நாலு தோற்றிருந்தது. பனித்திட்டின் பயிற்சியாளர் போலீஸ்காரர். காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டு அணியின் பைக்கும் ஒரே நாளில் தொட்டிக்கு வந்து நின்றன. செல்லக்கண்ணு சொந்த ஊர் அணியை எடுத்துக்கொண்டார். பனித்திட்டுக் கேப்டன் வீரமணியிடம், "நீ கோச் இல்லாம ஆடிப் பாருபா. இந்தம்மா கணக்குப் பாக்கணுமாம்" என்றார்.

வீரமணி விசைப்படகில் போகிறவன். கடலில் எத்தனையோ விசித்திரம் பார்த்தவனுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. சரி என்றான். ஆனால் கமலக்கண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கோச் பேரு இல்லாம ஃபாரம் நகராது. இந்த வருசம் எல்லாம் ஆன்லைன்."

உண்மைதான். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்க மறுத்தது. கோச் இல்லாத அணிக்கு ஆட்டத்துக்கு ஒரு பாயின்ட் குறைப்பு என்றும் விதி இருந்தது. இளவரசி சுற்றும்முற்றும் பார்த்தாள். கடை வாசலில் வீரமணி கொண்டுவந்திருந்த நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. களத்தில் கோச் உட்காருவதற்கென்று அணி வைத்திருந்தது. அவள் கட்டத்தில் 'நாற்காலி' என்று அடித்தாள்.

"இனிஷியல் கேக்குது" என்றார் கமலக்கண்ணன்.

"பிளாஸ்டிக்தானே. 'பி' போடுங்க."

"வயசு?"

"வாங்கி மூணு வருசம் ஆவுதுண்ணே" என்றான் வீரமணி.

"அனுபவம்?"

"அதுவும் மூணு வருசம்தான். வாங்கின நாள்லேர்ந்து கபடிலதான இருக்குது."

போட்டோவும் கேட்டது. வீரமணி அதைச் சுவரோரம் நிறுத்தி, வெளிச்சம் சரியாக விழும்படி திருப்பி எடுத்தான். இரண்டாம் நாள் லேமினேஷன் செய்த அடையாள அட்டை வந்தது. பி. நாற்காலி, தலைமைப் பயிற்சியாளர், பனித்திட்டு. அதை நூலில் கோத்து நாற்காலியின் முதுகில் மாட்டினார்கள்.

முதல் ஞாயிறு இரண்டு அணியும் தோற்றன. செல்லக்கண்ணு உறுவையாற்றுப் பையன்களை நாற்பது நிமிஷம் திட்டினார். நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டும் ஜெயித்தன. அதற்கடுத்த ஞாயிறும், அதற்கடுத்ததும் ஜெயித்தன. நாலு வாரத்தில் அவருக்கும் மூன்று வெற்றி, அதற்கும் மூன்று வெற்றி.

இளவரசி தன் ஆராய்ச்சி நிரூபணமானது என்று சந்தோஷப்பட்டாள். பயிற்சியாளரை மாற்றுவதால் மாயம் ஒன்றும் நடப்பதில்லை என்று இனி எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். ஆனால் பனித்திட்டு வேறு மாதிரி புரிந்துகொண்டது.

மூன்றாவது வெற்றியன்று நாற்காலிக்கு மாலை போட்டார்கள். மீன்காரப் பெண்கள் அதன் நாலு காலிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். ரெய்டுக்குப் போகிறவன் முதலில் அதன் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கோட்டைத் தாண்டினான். ஒரு ஆட்டத்தின் நடுவில் கமலக்கண்ணன் ஷூ லேஸ் கட்டுவதற்காக மறந்துபோய் அதில் உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் பனித்திட்டு நாலு பாயின்ட் இழந்தது. அவரை எழுப்பிவிட்டு, கற்பூரம் வாங்கிவர அனுப்பினார்கள். விதிப்படி ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் எழுந்திருக்கக்கூடாது, கத்தக்கூடாது. லீக் தொடங்கிய நாளிலிருந்து இதைக் கடைப்பிடித்த ஒரே பயிற்சியாளர் என்று கமிட்டி அதற்கு ஒழுக்கத்துக்கான கேடயத்தை அறிவித்தது. வில்லியனூரில் ஒரு கடைக்காரர் அதே நீலத்தில் பன்னிரண்டு நாற்காலி விற்றுத் தீர்த்தார்.

"நான் கோச்சால ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னேன்?" என்று இளவரசி அழாத குறையாகக் கேட்டாள்.

"ஆமாங்க்கா. அதான் கோச்ச எடுத்துட்டு இத வச்சோம். ஜெயிக்கிறோம்ல?" என்றான் வீரமணி. "அது திட்டாதுக்கா. தோத்தா சும்மா பாத்துக்கினே இருக்கும். அந்தப் பார்வைய எங்களால தாங்க முடியல."

செல்லக்கண்ணுவுக்கு ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். ஒரு நாற்காலியிடம் தோற்றிருந்தால்கூட ஆறுதல் சொல்லலாம், சமமாக இருப்பதற்கு என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் மொபெட்டை எடுத்துக்கொண்டு பனித்திட்டுக்குப் போனார். கிளப் கொட்டகையில் யாரும் இல்லை. ஒரு மரப்பலகைமேல் நாற்காலி இருந்தது. வாடிய மாலை, அடையாள அட்டை, ஒரு கைப்பிடியில் விரிசல். அவர் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்தார். இவ்வளவு நாள் தான் செய்ததில் இது செய்யாதது என்ன என்று யோசித்துப் பார்த்தார். திட்டியது ஒன்றுதான் மிஞ்சியது.

கூடையோடு அந்தப் பக்கம் போன ஒரு மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாபா, வேலைக்கு இன்டர்வியூவா?"

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். மொபெட்டை அப்படியே காட்டேரிக்குப்பத்துக்கு விட்டார். இளவரசி வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் திட்டினப்புறம் பசங்க நல்லா ஆடினாங்களே, அது?"

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஒருவன் படுமோசமாக ஆடினால் அடுத்தது சுமாராக இருக்கும். பிரமாதமாக ஆடினாலும் அடுத்தது சுமாராகத்தான் இருக்கும். நடுவில் யார் என்ன சொன்னாலும் இந்தக் கணக்கில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மோசமான ஆட்டத்துக்குப் பிறகு திட்டுகிறோம், அது தேறும்போது திட்டு வேலை செய்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

"அப்ப இத்தினி வருசம் இத்தினி பேரத் திட்டினதெல்லாம் சும்மாவா?"

இளவரசி லேப்டாப்பை மூடினாள். "அதுக்கு இந்தக் கணக்குல எடம் இல்ல சார்" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு முகங்களாக ஞாபகம் வந்தன. பெற்ற அப்பன் முன்னால் வைத்துத் திட்டியவன். திட்டு வாங்கிவிட்டுப் பைக் மறைவில் போய் மூக்கைச் சிந்தியவன். 'மாஸ்டர் ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லணும்' என்று கால் வீங்கின பின்னும் ஆடியவன். அவன் பெயர் ராஜ்மோகன். இப்போதும் உறுவையாற்று அணியின் முதல் ரெய்டர் அவன்தான்.

லீக்கின் கடைசி ஞாயிறு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் உறுவையாறும் பனித்திட்டும் மோதின. இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டத்தைவிட இதற்கு இரண்டு மடங்கு வந்தது. ஒரு பக்கம் செல்லக்கண்ணு, எதிர்ப்பக்கம் மாலையோடு நாற்காலி. இடைவேளையில் உறுவையாறு ஒன்பது பாயின்ட் பின்னால் இருந்தது. பையன்கள் வந்து அவர் முன்னால் தலையைக் குனிந்து வரிசையாக நின்றார்கள். எதற்கும் தயாராகத் தோளை ஒடுக்கிக்கொண்டார்கள்.

செல்லக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"நல்லா ஆடறீங்கடா" என்றார்.

வரிசையில் ஒருவன் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"ராஜ்மோகா, மொத ரெய்டுல எடப்பக்கம் பொரண்டு கோட்டத் தொட்ட பாரு, அது ரொம்ப அழகா இருந்துச்சிடா. ஏழு வருசமா இப்டி ஒண்ணு ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

ராஜ்மோகன் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். இன்னொருவன் "மாஸ்டர், சிரிங்க. வாய் கோணுதான்னு பாக்கணும்" என்றான். அவர் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்திராததால் அது கோணல்தானா இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான், ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கேன், நீங்களும் நல்லாத்தான் ஆடறீங்க" என்று அவர் சொல்லச்சொல்லப் பயம் அதிகமானது. ராஜ்மோகனும் இன்னொரு பையனும் அவரோடு ஆம்புலன்சில் ஏறிக்கொண்டார்கள். ஐந்து பேரோடு ஆடிய உறுவையாறு ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றது.

பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நார்மல். ஆதிலட்சுமி துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"இன்னாடா ஆச்சி?"

"பாராட்டிட்டாருக்கா" என்றான் ராஜ்மோகன். அவன் கண் கலங்கியிருந்தது.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். டாக்டரிடம் போய் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். பையன்கள் டீ குடிக்கப் போனதும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். செல்லக்கண்ணு கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கு அந்த வஞ்சிரமீன் கொழம்பு, ரெண்டாவது தபா வச்சதுகூட நல்லாத்தான் இருந்துச்சு. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அவ்ளோதான்."

ஆதிலட்சுமி போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். பிறகு, "அத சொல்றதுக்கு ஆம்புலன்ஸ்ல வரணுமா ஒனக்கு?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டைக் கூட்டப் போனாள்.

நாற்காலி அந்த மாசமே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், கனத்த மாமன் ஒருவர் உட்கார்ந்ததில் கால் உடைந்து போயிற்று. அடுத்த சீசனில் செல்லக்கண்ணுவைத் தேடி யாரும் வரவில்லை. பாராட்டுகிற மாஸ்டர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். வந்தது காட்டேரிக்குப்பத்துப் பெண்கள் அணி மட்டும்தான். அதுவும் விசித்திரமான சமயத்தில் வந்தது. அவர்கள் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். பயிற்சியாளருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது.

இளவரசி பதறிப்போய்ப் போன் போட்டாள். "சார், வேணாம். ஏழு ஜெயிச்ச டீம். இனிமே எறங்கத்தான் செய்யும். யாரு போனாலும் தோப்பாங்க. பழி ஒங்க தலைல விழும்."

"விழட்டும்மா. யாராச்சும் ஒருத்தர் வாங்கிக்கணும்ல. அந்தப் புள்ளிங்க வாங்கறதுக்குப் பதிலா நான் வாங்கிக்கறேன்."

அவர் போன முதல் ஞாயிறே பதினோரு பாயின்ட்டில் தோற்றார்கள். கேப்டன் கீர்த்தி மூச்சு வாங்க வந்து நின்றாள். பழைய கதைகளைக் கேள்விப்பட்டிருந்தாள்.

"திட்டுங்க சார்."

"எடது மூலையில நின்ன பொண்ணு ரெண்டு கணுக்காலையும் சேத்துப் புடிச்சிதே, பாத்தியா? அத மாதிரி புடி நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார் அவர். நிஜமாகவே பார்த்ததில்லை. களத்துக்கு அத்தனை பக்கத்தில் பதினாலு வருஷம் உட்கார்ந்திருந்தும், அடுத்து எதற்குத் திட்டுவது என்று தேடிக்கொண்டிருந்ததில் ஆட்டத்தை அவர் சரியாகப் பார்க்கவேயில்லை.

அடுத்த ஞாயிறும் தோற்றார்கள். மூன்றாவது வாரம் ஜெயித்தார்கள். ஆனால் அதற்குள் வட்டாரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. செல்லக்கண்ணு போய் உட்கார்ந்தால் ஜெயிக்கிற அணி தோற்கும்.

ஒரு புதன்கிழமை பாகூர்ப் பக்கத்திலிருந்து நடேசன் என்று ஒரு கிளப் செயலாளர் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார்.

"மாஸ்டர், ஒங்களால ஒரு ஒதவி ஆவணும். வர்ற ஞாயிறு எங்க எதிரி டீமுக்கு நீங்க கோச்சாப் போவணும்."

"அவங்க தொடர்ச்சியா எத்தினி ஜெயிச்சிருக்காங்க?"

"ஆறு."

"அப்ப நான் எதுக்குபா? பேசாம வூட்டுக்குப் போ. தன்னால எறங்குவாங்க."

நடேசனுக்கு அவர் மறுப்பதாகத் தோன்றவில்லை. ஏதோ மந்திரம் போட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, தாரைத் தொட்டிப் படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை எதிரி அணி தோற்றது. திங்கட்கிழமை நடேசன் ஒரு பெரிய பலாப்பழத்தோடு வந்து காலில் விழப்போனார். செல்லக்கண்ணு தடுத்து, தான் ஒன்றும் செய்யவில்லை என்று கால்மணி நேரம் விளக்கினார். எம்பத்தொன்று, எம்பத்திரண்டு என்றெல்லாம் சொன்னார். நடேசன் அந்த இரண்டு எண்ணையும் பயபக்தியோடு ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

பலாப்பழத்தைச் செல்லக்கண்ணு மொபெட்டின் முன்னால் வைத்துக் காட்டேரிக்குப்பத்துக்குக் கொண்டுபோனார். பயிற்சி முடிந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உரித்தார்கள். இளவரசியும் வந்திருந்தாள். பழம் அவ்வளவு இனிப்பில்லை. செல்லக்கண்ணு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்குது என்றார்.